கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளை



தவணைப் பரீட்சை முடிந்து புள்ளி அறிக்கை வீட்டுக்கு வரும் வாரங்களில், கொட்டாஞ்சேனைப் பக்கத்தில் வீடு சந்திக்கப் போகும் குருவானவருக்குச் சில முகங்களைப் பார்த்தவுடனேயே விஷயம் விளங்கிவிடும். அண்மையில் அப்படி ஒரு வீட்டில், தேநீரை மேசையில் வைத்த தாயார் சொன்னார்: "பாதர், மூத்தவள் கெட்டிக்காரி. இவன்தான் மொக்கு. அடிச்சும் பார்த்திட்டன், மூன்று ரியூசனுக்கு அனுப்பியும் பார்த்திட்டன். நீங்களாவது புத்தி சொல்லுங்கோ." பையனுக்கு ஒன்பது வயது. வாசற்சீலைக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

அவனுக்குச் சொல்ல என்னிடம் புத்தி எதுவும் இருக்கவில்லை. தாயாரிடம் கேட்கத்தான் கேள்விகள் இருந்தன. பின்னால் நின்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறானா? கரும்பலகையில் உள்ளதைப் பார்த்து எழுதுகிறானா, பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுதுகிறானா? கதை சொன்னால் விளங்கிக்கொள்பவன், அதே கதையை வாசிக்கும்போது மட்டும் தடுமாறுகிறானா? இரவில் நித்திரை கொள்கிறானா? இவற்றில் ஒன்றுக்குக்கூட அந்தத் தாயாரால் உடனே விடை சொல்ல முடியவில்லை. அவரைக் குறை சொல்ல வரவில்லை. இப்படிக் கேட்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

குறை சொல்ல எனக்கு உரிமையும் இல்லை. குருப்பட்டம் பெற்ற புதிதில் ஒரு பங்கிலே மறைக்கல்வி வகுப்பு நடத்தினேன். எத்தனை முறை சொல்லியும் செபத்தைப் பிழையாகவே ஒப்புவித்த ஒரு பையனைக் கவனமில்லாதவன் என்று எண்ணி, எல்லார் முன்னிலையிலும் முழந்தாளில் நிற்க வைத்தேன். சில மாதங்களின் பின் அவனுடைய மாமா வந்து, இரண்டு காதிலும் கேள்வி குறைவு என்று வைத்தியர் சொன்னதாகக் கூறினார். நான் சொல்லாத சொற்களை அவன் ஒப்புவிக்கவில்லை. தன் காதில் விழுந்ததைத்தான் ஒப்புவித்திருக்கிறான்.

சிறு பிள்ளைகளுக்குத் தடிமன் அடிக்கடி வந்தால் செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்குவது சாதாரணமாக நடப்பது. அப்போது கேள்வி ஒரு வாரம் நன்றாயிருக்கும், மறுவாரம் மங்கிவிடும். "வேண்டுமென்றால் கேட்கும், வேண்டாவிட்டால் கேட்காது" என்று நாம் ஏசுகின்ற பிள்ளைகளில் சிலர் இவர்கள். பார்வையும் அப்படியே. பிறந்த நாள் தொட்டு மங்கலாகப் பார்த்த பிள்ளைக்கு, உலகம் மங்கலானது என்றுதானே தோன்றும்? அது எப்படி முறையிடும்?

இனி, காதும் கண்ணும் நன்றாயிருந்தும் வாசிக்க முடியாத பிள்ளைகள் இருக்கிறார்கள். டிஸ்லெக்சியா என்று சொல்லப்படும் வாசிப்பு இடர்ப்பாடு இது. அறிவுக் குறைவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நமது தமிழ் எழுத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள்: எழுத்துகள் இருநூற்று நாற்பத்தேழு, லகரம், ளகரம், ழகரம் என்று காதுக்கு நெருங்கிய ஒலிகள். 'கொ' என்று எழுதும்போதோ, ஒரே ஒலிக்காக எழுத்தின் முன்னே ஒரு குறி, பின்னே ஒரு குறி. மற்றப் பிள்ளை ஒரு வருடத்தில் பழகிவிடுவதற்கு இந்தப் பிள்ளைக்கு மூன்று வருடம் வேண்டியிருக்கலாம். அதுவும் வேறு முறையில், மெதுவாக, ஒலியையும் எழுத்தையும் சேர்த்துச் சேர்த்துக் கற்பிக்க வேண்டும். ஒரே முறையில் மூன்று ரியூசனுக்கு அனுப்புவது, பொருந்தாத சப்பாத்தை மூன்று தரம் மாட்டுவது போன்றது.

குறைபாடு எதுவும் இல்லாமலே பின்தங்கியவர்களும் நம்மிடையே உண்டு. 2019 ஏப்ரல் 21இல் கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயத்தில் குண்டு வெடித்த சத்தம் கேட்ட வீடுகள் நமது வீடுகள். அந்தக் காலத்தில் படுக்கையை நனைத்த பிள்ளைகளையும், பாடசாலைக்குப் போக மறுத்து அழுத பிள்ளைகளையும் நமக்குத் தெரியும். அடுத்த வருடம் ஜனவரியில் முதலாம் தரத்தில் சேர்ந்தவர்களுக்கு மார்ச் நடுவிலேயே கொரோனாவால் பாடசாலை மூடப்பட்டது. ஒரு கைத்தொலைபேசியை மூன்று சகோதரங்கள் பங்கிட்ட வீட்டில் அகர வரிசை எப்படி ஏறும்? பிறகு 2022இல் எரிபொருள் இல்லாமல் மறுபடியும் பாடசாலைகள் மூடப்பட்டன. இவற்றில் இரண்டு மூன்று ஒரே பிள்ளைமேல் விழுந்திருக்கவும் கூடும். இழவு வீட்டிலிருந்து வந்த பிள்ளைக்குக் காதும் குறைவாக இருந்தால், ஆசிரியருக்குத் தெரிவது முரட்டுத்தனம் மட்டுமே.

வெள்ளவத்தைப் பக்கத்தில் நான் காணும் தவறு வேறு விதமானது. மூன்று வயதாகியும் பிள்ளை பேசவில்லை. "இரண்டு பாஷை குழப்புது, வீட்டில் இங்கிலீஷ் மட்டும் கதையுங்கோ" என்று யாரோ சொல்லிவிடுவார்கள். அன்று முதல் தமிழ் மட்டுமே தெரிந்த அம்மம்மா அந்த வீட்டில் ஊமையாகிவிடுவார். பெற்றோரும் தமக்குச் சரளமில்லாத மொழியில் நான்கு சொற்களைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். பேச்சுத்துறை அறிந்தவர்கள் இதை ஏற்பதில்லை. இரு மொழி கேட்பதால் பேச்சுத் தாமதம் உண்டாவதில்லை. தாயின் நாவில் தடையின்றி வரும் மொழிதான் பிள்ளைக்குப் பேச்சைத் தாராளமாகக் கொடுக்கும். தமிழ் பேசும் பேச்சுச் சிகிச்சையாளர் நமது நாட்டில் போதாமல் இருப்பது உண்மை. ஆகவே பிள்ளை எந்தச் சொல்லை, எந்த மொழியில், எப்போது சொன்னது என்று ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு போங்கள். சிகிச்சையாளர் சிங்களவராக இருந்தாலும் அந்தக் கொப்பி உதவும்.

யாரிடம் போவது என்று கேட்பீர்கள். முதலில் வகுப்பாசிரியரிடம். சண்டைக்கு அல்ல, அவர் கண்டதைக் கேட்டறிய. பின்னர் வைத்தியரிடம். பொரளையிலுள்ள சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை அரசாங்க வைத்தியசாலை. பணம் வேண்டியதில்லை, காத்திருக்கப் பொறுமை வேண்டும். றாகம வைத்திய பீடத்தோடு இணைந்து, இத்தகைய பிள்ளைகளுக்கென்றே 'அயதி' என்ற நிலையமும் உண்டு. சில அரசாங்கப் பாடசாலைகளில் விசேட கல்வி அலகுகள் இருக்கின்றன. வலயக் கல்வி அலுவலகத்தில் விசாரிக்கலாம். எல்லாப் பிள்ளைக்கும் அலகு தேவை என்று நான் நினைக்கவில்லை. பலருக்கு வழக்கமான வகுப்பே நல்லது, முன்வாங்கும் சற்றுக் கூடுதல் நேரமும் கிடைத்தால். பரீட்சைத் திணைக்களமும் குறைபாடுள்ள பரீட்சார்த்திகளுக்கு மேலதிக நேரம் போன்ற சலுகைகள் அளிக்கிறது. ஆனால் வைத்திய அறிக்கையோடு, அதிபர் வழியாக, முற்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். பரீட்சைக்கு முதல் வாரம் ஓடி வருவதில் பயனில்லை.

"உங்கள் பிள்ளையை எங்களால் வைத்திருக்க முடியாது" என்று சொல்லப்பட்டால் மனம் உடைந்து திரும்ப வேண்டாம். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், குறைபாட்டைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவனத்தில் சேர்ப்பதில் பாரபட்சம் காட்டலாகாது என்கிறது. அடியைப் பற்றியும் ஒரு சொல். பாடசாலையில் உடல் தண்டனை கூடாது என்று 2005இலேயே கல்வி அமைச்சு சுற்றுநிருபம் அனுப்பியது. ஆசிரியரின் அறையால் காது பாதிக்கப்பட்ட ஒன்பதாம் தர மாணவன் ஒருவனுடைய வழக்கில், அவனது அடிப்படை உரிமை மீறப்பட்டதென 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெற்றோரே, வீட்டுத் தும்புத்தடிக்கு மட்டும் வேறு நியாயம் இருக்கிறதா? பிள்ளைக்குத் தீங்கு நேர்கிறது என்றால் 1929 என்ற இலக்கத்துக்கு அழைத்துத் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையிடம் முறையிடலாம்.

கோவிலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இப்படியான பிள்ளையைத் திருப்பலிக்குக் கூட்டிவருவதைச் சில குடும்பங்கள் நிறுத்திவிட்டன. பிள்ளை சத்தமிடும், முன்வாங்கில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள், பிறகு வாசலில், "யார் செய்த பாவமோ" என்று ஒருவர் முணுமுணுப்பார். பிறவிக் குருடனைக் கண்ட சீடர்கள் ஆண்டவரிடம் கேட்டதும் இதே கேள்விதான். அவர் அவனும் பாவம் செய்யவில்லை, அவனைப் பெற்றவர்களும் செய்யவில்லை என்று தெளிவாகவே சொன்னார். திரும்பிப் பார்ப்பவர்களுக்கு இதைச் சொல்வது என் வேலை; சொல்கிறேன். நீங்கள் பிள்ளையைக் கூட்டி வாருங்கள். முதல் நன்மைக்கு ஆயத்தம் செய்யும் வயது வந்தால் பங்குக் குருவிடம் நேரே வந்து பேசுங்கள். பாடம் முழுவதும் மனப்பாடமாக வராது என்பதற்காகப் பெயர் கொடுக்காமல் இருந்துவிடாதீர்கள்.

வாசற்சீலைக்குப் பின்னால் நின்ற அந்தப் பையனின் காது நன்றாகத்தான் இருக்கிறதாம். வாசிப்பில்தான் சிக்கல் என்று சொல்லி, விரிவான பரிசோதனைக்கு வைத்தியசாலையில் நாள் கொடுத்திருக்கிறார்கள். அதற்கு இன்னும் சில வாரங்கள் உண்டு. இதற்கிடையில் தாயார் வகுப்பாசிரியையைச் சந்தித்திருக்கிறார். ரீச்சர் அவனை முன்வாங்குக்கு மாற்றி, எல்லார் முன்னாலும் உரத்து வாசிக்கச் சொல்வதை நிறுத்திவிட்டார். மூன்று ரியூசனில் இரண்டு நின்றுவிட்டன. பின்னேரங்களில் ஒழுங்கையில் பந்து அடிக்கிறான். இரவில் பத்து நிமிடம் அக்காள் அவனோடு சேர்ந்து வாசிக்கிறாள். அவள் ஒரு வரி, அவன் ஒரு வரி.