டிரெய்லர் பின்விளக்கு: பழுதை விவசாயியே சரிசெய்யலாம்

தருமபுரி மாவட்டத்தில் கரும்பு, மரவள்ளிக் கிழங்கு, வைக்கோல் முதலியவற்றை ஏற்றிச் செல்ல விவசாயிகள் டிராக்டர் டிரெய்லரையே பெரிதும் நம்பியுள்ளனர். பாலக்கோட்டிலும் கோபாலபுரத்திலும் கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் உள்ளன. கரும்பு வெட்டி, ஏற்றி முடிப்பதற்குள் பல நாள் பொழுது சாய்ந்துவிடும். அதன் பிறகு இருட்டில்தான் பயணம்.

டிராக்டர் மெதுவாகப் போகும். பின்னால் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வரும் லாரியோ ஒரு விநாடியில் சுமார் 55 அடி கடந்துவிடும். விளக்கில்லாத டிரெய்லர் 100 அடி தூரத்தில்தான் கண்ணில் படுகிறதென்றால், பிரேக் பிடிக்க முழுதாக இரண்டு விநாடிகூடக் கிடைக்காது. இரவில் ஓடும் வண்டிக்குப் பின்புறம் சிவப்பு விளக்கு எரிய வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளும் கூறுகின்றன.

பழுது எங்கே?

பின்விளக்கு எரியாவிட்டால் பலரும் பல்பை மாற்றுகிறார்கள். ஆனால் பல டிரெய்லர்களில் குறை பல்பில் இருப்பதில்லை, எர்த்தில்தான் இருக்கிறது. விளக்குக்குச் சென்ற மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பி வர வேண்டும். தனி எர்த் ஒயர் இல்லாத வண்டியில், டிரெய்லரை டிராக்டருடன் மாட்டும் பின் வழியாகவே அது திரும்புகிறது. அந்தப் பின்னில் துருவும், மண்ணும், கிரீசும் படிந்திருக்கும். வண்டி குலுங்கும்போது தொடர்பு விட்டுவிட்டுக் கிடைக்கும். விளக்கும் விட்டுவிட்டு எரியும்.

அடையாளம் எளிது. பிரேக்கை மிதித்தால் மற்ற விளக்குகளும் சேர்ந்து மங்கலாக எரிந்தால், எர்த் சரியில்லை. ஒரு விளக்கு மட்டும் எரியாவிட்டால் பல்பையும் ஹோல்டரையும் பார்க்க வேண்டும். எல்லாமே எரியாவிட்டால் முதலில் பியூஸையும், பிறகு பிளக்கையும், எர்த்தையும் பார்க்க வேண்டும்.

சோதனை பல்பு

12 வோல்ட் பல்பு ஒன்றை ஹோல்டரில் பொருத்தி, இரண்டு நீள ஒயர்களை இணைத்துக்கொண்டால் அதுவே சோதனைக் கருவி. ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவில் வைத்து, விளக்கு சுவிட்சைப் போட்டு, மறுமுனையால் டிராக்டரின் சாக்கெட்டில் உள்ள பின்களை ஒவ்வொன்றாகத் தொட வேண்டும். பின்விளக்குக்கு உரிய பின்னில் பல்பு எரிந்தால் டிராக்டர் பக்கம் நல்லது, குறை டிரெய்லரில். எரியாவிட்டால் குறை டிராக்டரில்.

புதிதாக ஒயர் போடும் முறை

வேலை தொடங்குமுன் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிட வேண்டும். பின்விளக்கு, பிரேக், இடது இண்டிகேட்டர், வலது இண்டிகேட்டர், எர்த் என ஐந்து ஒயர்கள் தேவை. பல இழைகள் கொண்ட 1.5 சதுர மி.மீ. செம்பு ஒயர் போதும். எர்த்துக்கு மட்டும் 2.5 சதுர மி.மீ. போடுவது நல்லது. 21 வாட் பிரேக் பல்பு ஒன்று ஏறக்குறைய 1¾ ஆம்பியர் மின்சாரம் எடுக்கும்.

ஒயர்களை பிளாஸ்டிக் குழாய்க்குள் விட்டு, சேஸின் உட்புறமாகக் கட்ட வேண்டும். வண்டி திரும்பும்போது இழுபடாதபடி முன்புறம் ஒன்றரை அடி தொய்வு விட வேண்டும். எர்த் ஒயரைப் பொருத்தும் இடத்தில் பெயிண்டையும் துருவையும் உப்புத்தாளால் தேய்த்து, இரும்பு பளிச்சென்று தெரிந்த பிறகு போல்ட் போட்டு முறுக்கி, மேலே கிரீஸ் தடவ வேண்டும். அந்த ஒயரின் மறுமுனை பிளக் வழியாக டிராக்டரின் எர்த்தில் சேர வேண்டும்.

பியூஸ் போனால் அதே ஆம்பியர் பியூஸையே போட வேண்டும். சிகரெட் தாளோ, கம்பித் துண்டோ சுற்றவே கூடாது. ஷார்ட் ஏற்பட்டால் ஒயர் பழுத்து, காய்ந்த வைக்கோலிலும் தோகையிலும் தீப்பிடிக்கக்கூடும்.

தோகை மறைத்தால்

விளக்கு நன்றாக எரிந்தும், பின்னால் தொங்கும் கரும்புத் தோகை அதை மறைத்துவிடுவதுண்டு. இதற்கு ஐந்தடிப் பலகை ஒன்றில் இரண்டு விளக்குகளையும் இரண்டு சிவப்பு ரிப்ளெக்டர்களையும் பொருத்தி, நீண்ட ஒயருடன் தனியே வைத்துக்கொள்ளலாம். பாரம் ஏற்றி முடித்ததும் பாரத்தின் கடைசியில் பலகையைக் கட்டிவிட வேண்டும். ஒயர் டயரில் உரசக் கூடாது. ரிப்ளெக்டருக்கு மின்சாரம் தேவையில்லை. பழுதாகி இருட்டில் நிற்கும் வண்டியையும் அது காட்டிக்கொடுக்கும்.

பராமரிப்பு

பிளக்கின் பின்களை மாதம் ஒருமுறை துடைத்து, சிறிது வாஸ்லின் தடவ வேண்டும். டிரெய்லரைக் கழற்றி நிறுத்தும்போது பிளக்கைத் தரையில் போடாமல், பாலிதீன் பை சுற்றித் தொங்கவிட வேண்டும். டிரெய்லரில் வெல்டிங் செய்யுமுன் பிளக்கைக் கழற்றிவிட வேண்டும். பருவம் தொடங்குமுன் ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தூக்கி அசைத்துப் பார்க்க வேண்டும். ஆட்டம் இருந்தால் பேரிங்கைக் கழற்றி, தேய்ந்திருந்தால் மாற்றி, புது கிரீஸ் அடைக்க வேண்டும்.

ஒவ்வொரு நாளும் புறப்படுமுன் ஒருவர் பிரேக்கை மிதிக்க, மற்றொருவர் பின்னால் நின்று பார்த்தால் இரண்டு நிமிட வேலைதான். அப்படிப் பார்த்த பிறகே வண்டியை ரோட்டில் ஏற்ற வேண்டும்.