மோட்டார்ஹோம் சஸ்பென்ஷன்: ஸ்பேனர் எடுக்கும் முன் ஓர் எக்செல் பாடம்

எக்செலில் கூட்டல், கழித்தல் போடப் பழகிவிட்டோம். இனி அதை வைத்து என்ன செய்வது என்று புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய பலர் கேட்பதுண்டு. இம்முறை நான் நிஜமாகவே போட்ட ஒரு கணக்கைப் பார்ப்போம். கொஞ்சம் கிரீஸ் வாசம் அடிக்கும்!

அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் இருந்தபோது என்னுடன் வேலை பார்த்தவர் ஒரு பழைய மோட்டார்ஹோம் வாங்கினார். படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ள வண்டி. ஃபோர்டு ஈ-450 சேஸிஸ். பின்பக்கம் நம் லாரிகளில் இருப்பது போன்ற பட்டை ஸ்பிரிங். பெரிய டிரக் கடந்து போனால் வண்டி ஆடும். பின்பக்கம் தாழ்ந்தே நிற்கும். ஏர் ஸ்பிரிங் எனப்படும் காற்றுப்பை கிட் வாங்கி நாமே மாட்டிவிடலாம் என்றார். சாக்கெட் செட்டும் ஸ்பேனரும் இருந்தால் மாட்டலாம்தான். ஆனால் முதலில் எடை பார்க்க வேண்டும்.

ஓட்டுநர் கதவோரம் ஒட்டியுள்ள லேபிளில் ஒவ்வோர் அச்சும் தாங்கும் எடை இருக்கும். நெடுஞ்சாலை டிரக் நிறுத்தங்களில் உள்ள எடை மேடையில் முன் அச்சு, பின் அச்சு எடையைத் தனித்தனியாகத் தருவார்கள். இரண்டையும் எக்செலில் போடுவோம்.

முதல் வரியில் அச்சு, வரம்பு, எடை, மீதி என நான்கு தலைப்புகள். இரண்டாம் வரியில் முன் அச்சு, 5000, 4100. மூன்றாம் வரியில் பின் அச்சு, 9600, 9480. எல்லாம் பவுண்டு கணக்கு. நான்காம் வரியில் மொத்தம், 14500 என டைப் செய்து, சி4 செல்லில் ஆட்டோசம் பட்டனைக் கிளிக் செய்து என்டர் தட்டுங்கள். 13580 வரும். இனி டி2 செல்லில் சமக்குறி போட்டு, பி2 கழித்தல் சி2 என அடியுங்கள் (எழுத்துகளை ஆங்கிலத்தில் அடிக்க வேண்டும்). 900 வரும். அந்தச் செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சிறு கட்டத்தை மவுஸால் பிடித்து டி4 வரை இழுங்கள். 120, 920 என விடைகள் வரும்.

இங்கேதான் நான் சறுக்கினேன். டி4-இல் மேலே உள்ள இரண்டு மீதிகளையும் கூட்டிவிட்டேன், 1020 வந்தது. தவறு! இரு அச்சுகளின் வரம்பைக் கூட்டினால் 14600. வண்டியின் மொத்த வரம்போ 14500தான். ஆகவே மொத்தத்தைத் தனியாகவே கழிக்க வேண்டும்.

எடை போட்டபோது தண்ணீர்த் தொட்டி காலி. அது 40 கேலன் பிடிக்கும். ஒரு கேலன் தண்ணீர் சுமார் 8.3 பவுண்டு. சி3-இல் உள்ள எண்ணை அழித்துவிட்டு, சமக்குறியுடன் 9480+40*8.3 என அடித்துப் பாருங்கள். டி3-இல் மைனஸ் 212! தொட்டி பின் அச்சுக்கும் பின்னால் இருந்ததால் உண்மையான சுமை இன்னும் கூடுதலாகவே இருக்கும். மைனஸ் எண் சிவப்பாகத் தெரிய, டி நெட்டு வரிசையைத் தேர்வு செய்து, ஹோம் மெனுவில் கண்டிஷனல் ஃபார்மேட்டிங், ஹைலைட் செல்ஸ் ரூல்ஸ், லெஸ் தேன் சென்று 0 கொடுங்கள்.

காற்றுப்பை மாட்டினால் வரம்பு கூடிவிடும் என்றே நண்பர் நினைத்திருந்தார். கூடாது. வண்டி நிமிரும், ஆட்டம் குறையும். அச்சு, டயர், பிரேக் எல்லாம் பழையவைதானே? பின் லாக்கரில் இருந்த 300 பவுண்டு சாமான்களை இறக்கி, தண்ணீரைப் போகும் இடத்தில் பிடித்துக்கொள்வது என்று முடிவானது. கிட் அதன் பிறகுதான் வந்தது.

இரண்டாவது ஷீட்டில் நான்கு சக்கரங்களின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரையுள்ள உயரத்தைக் குறித்தோம். வேலைக்கு முன் இதை அளக்காவிட்டால், பிறகு எவ்வளவு நிமிர்ந்தது என்று சொல்ல வழியில்லை. மூன்றாவது ஷீட்டில் போல்ட்டுகள். கிட்டின் தாளில் முறுக்கு அளவு அடி-பவுண்டில் இருந்தது, எங்கள் டார்க் ரெஞ்சிலோ நியூட்டன் மீட்டர். 1.356 ஆல் பெருக்கும் ஒரு ஃபார்முலா போதும்.

வேலை என்னவோ ஒரு பகல்தான். சமதளத்தில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுத்து, சேஸிஸுக்கு அடியில் ஜாக்கி ஸ்டாண்டுகள் வைத்தோம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை நீட்டவே கூடாது. காற்றுக் குழாயைப் புகைக்குழாயின் சூடு படாத பக்கமாகக் கொண்டுபோனோம். கிட்டின் தாளில் சொன்ன குறைந்தபட்ச அழுத்தத்துக்குக் கீழே விடாமல் காற்று அடித்தோம்.

மறுநாள் காலை மீண்டும் அளந்து அடுத்த நெட்டு வரிசையில் போட்டோம். பின் இடது பக்கம் மட்டும் கால் அங்குலம் இறங்கியிருந்தது. நம் ஊர் பஞ்சர் கடை வழியில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தால், ஓர் இணைப்பில் குமிழி. குழாயை நான் சாய்வாக வெட்டியிருக்கிறேன். புது பிளேடால் நேராக வெட்டிச் சொருகியதும் நின்றது.