பின்செல்லும் பொத்தானைத் தெரிந்துகொள்வோம்



கொழும்பிலுள்ள மகனுக்குக் காசு அனுப்புவதும் லைட் பில் கட்டுவதும் ரீலோட் போடுவதும் இப்போது பல வீடுகளில் கையடக்கத் தொலைபேசியில்தான். ஆனால் "பின்னால போக அமத்தினேன், எல்லாம் போயிருச்சுங்க ஐயா" என்று எம்மிடம் வருவோர் குறையவில்லை. ஆகவே இம்முறை அந்த ஒரு பொத்தானை மட்டும் பார்ப்போம்.

பதுளையில் ரயில் ஏறினால் ஹாலிஎல, தெமோதரை, எல்ல என்று போகிறோம். திரும்பும்போது அதே ஸ்டேஷன்கள் தலைகீழாக வரும். ஆப் என்கிற செயலியும் அப்படித்தான். நாம் திறக்கும் ஒவ்வொரு திரையும் முன்னதன் மேல் அடுக்கப்படுகிறது. பின்செல்லும் பொத்தான் மேலே இருப்பதை எடுத்துவிட்டு, கீழே இருப்பதைக் காட்டும். அடுக்கு தீர்ந்தால் செயலியை விட்டே வெளியே வந்துவிடுவோம். நடுவிலுள்ள வட்டப் பொத்தான் வேறு. அது திரைகளைக் கலைக்காது, செயலியை மறைத்து மட்டும் வைக்கும்.

எழுத்துப் பலகை திறந்திருந்தால் முதல் அமத்தலில் பலகைதான் மூடும். "வேலை செய்யலையே" என்று படபடவென அமத்தினால் நிரப்பிய படிவமும் சேர்ந்து போய்விடும்.

வங்கி அனுப்பும் இரகசிய எண்ணைப் பார்க்கப் பின்செல்லும் பொத்தானை அமத்தக் கூடாது. எண் கேட்கும் திரை போய்விட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். வட்டத்தை அமத்தி, எஸ்.எம்.எஸ். பார்த்து, சதுரப் பொத்தானால் திரும்பி வாருங்கள். அந்த எண்ணை எவர் கேட்டாலும் சொல்லாதீர்கள்.

இனி முக்கியமானது. பின்செல்வது வேறு, ரத்துச் செய்வது வேறு. இலங்கையில் 2015 முதல் ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்கு உடனுக்குடன் பணம் மாற்றும் முறை இருக்கிறது. "உறுதிப்படுத்து" என்பதை அமத்தியதுமே கட்டளை வங்கிக்குப் போய்விடுகிறது. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்தாலும் போன காசு திரும்பாது. சிக்னல் மோசமான மேற்கணக்கு லயங்களில் இந்த வட்டம் நெடுநேரம் சுற்றும். பொறுமையிழந்து மறுபடி அனுப்பினால் காசு இரண்டு தடவை போகக்கூடும்! அப்படி நடந்தால் மீட்டெடுக்க அலைய வேண்டியது நாம்தான். முதலில் கொடுக்கல் வாங்கல் பட்டியலையும் கணக்கு மீதியையும் பாருங்கள். எஸ்.எம்.எஸ். வந்ததா என்றும் பாருங்கள். சந்தேகமென்றால் வங்கிக்கு போன் போட்டுக் கேட்ட பிறகே மறுபடி அனுப்புங்கள்.

ஒரே போனை வீட்டில் நாலு பேர் பாவித்தால், வேலை முடிந்ததும் பின்னால் வந்து விட்டுவிடாமல் "வெளியேறு" என்பதை அமத்துங்கள்.

2008இல் வந்த முதல் அன்ட்ரொய்ட் போனில் இது கையால் தொட்டறியும் நிஜப் பொத்தானாகவே இருந்தது. பிறகு திரைக்குள் போனது. 2019இல் வந்த அன்ட்ரொய்ட் 10 முதல், திரையின் ஓரத்திலிருந்து விரலை உள்ளே இழுத்தாலும் பின்செல்லும். ஐபோனில் கீழே பின்செல்லும் பொத்தான் கிடையாது, பெரும்பாலும் மேலே இடப்பக்கம் அம்புக்குறி இருக்கும். கொழுந்து பறித்துக் காய்த்த விரலுக்கு இந்த இழுப்பு லேசில் பிடிபடாது. அன்ட்ரொய்ட் போன் என்றால் செட்டிங்ஸில் வழிசெலுத்தல் என்ற இடத்துக்குப் போய் மூன்று பொத்தான் முறைக்கு மாற்றலாம். வீட்டில் படிக்கிற பிள்ளையிடம் கொடுங்கள், ஒரு நிமிஷ வேலை.