ஓர் இறகு, ஒரு பாடவேளை

ஆறாம் வகுப்பு அறிவியலில் பறவைகளின் தகவமைப்பைப் படிக்கும் மாணவர்கள், 'இறகுகள் பறக்க உதவுகின்றன' என்று எழுதி மதிப்பெண் பெற்றுவிடுகிறார்கள். 'எப்படி உதவுகின்றன?' என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடுகிறது. அந்த 'எப்படி'யை மாணவர்களே கண்டறிய, கல்வராயன் மலையடிவாரத்தில் உள்ள எங்கள் பள்ளியில் நான் செய்துவரும் செலவில்லாத செயல்பாடு இது.

தேவையானவை: வீட்டுக் கோழியிடமிருந்து உதிர்ந்த சிறகின் பெரிய இறகு, உடலின் மென்மையான தூவி, கைலென்சு. இறகுகளைச் சோப்பு நீரில் கழுவி வெயிலில் உலர்த்திக்கொள்ளவும்.

செயல்பாடு 1: பெரிய இறகின் ஓரத்தை விரலால் பிரிக்கச் சொல்லுங்கள். இறகு கிழிந்தது போலிருக்கும். பிறகு அடியிலிருந்து நுனி நோக்கி மெல்ல நீவச் சொல்லுங்கள். கிழிசல் மறைந்துவிடும்! தண்டிலிருந்து கிளைகளும், கிளைகளிலிருந்து நுண்கிளைகளும் பிரிகின்றன. நுண்கிளைகளிலுள்ள கொக்கிகள், பள்ளிப் பையின் ஜிப்பைப் போல அடுத்த கிளையின் நுண்கிளைகளைப் பற்றிக்கொள்கின்றன. கிளைகளைக் கைலென்சில் காணலாம். கொக்கிகளுக்கு நுண்ணோக்கி வேண்டும்.

செயல்பாடு 2: தூவியை அப்படி நீவினால் சேராது. அதில் கொக்கிகள் இல்லை. அதன் வேலை உடல் வெப்பத்தைக் காப்பது.

செயல்பாடு 3: சிறகின் வெளிநுனியிலுள்ள இறகில் தண்டு நடுவில் இருக்கிறதா? இல்லை. குறுகலான பக்கமே காற்றை எதிர்கொள்ளும் முன்விளிம்பு. இந்த அமைப்பால் பறக்கும்போது இறகு எளிதில் முறுக்கிக்கொள்வதில்லை.

இங்கே ஒரு மாணவி கேட்டாள்: "கோழிக்கும் இதே இறகுதானே சார், அது ஏன் பறக்கல?" நான் பதில் சொல்லுமுன், அதிகம் பேசாத மலைக்கிராமத்து மாணவன் எழுந்தான். "காட்டுக்கோழி ராத்திரி தங்க மரத்துக்குப் பறந்து ஏறும் சார்." அவன் சொன்னதிலிருந்தே விளக்கம் தொடர்ந்தது. இறைச்சிக்காகவும் முட்டைக்காகவும் மனிதர் தேர்ந்தெடுத்து வளர்த்ததில் வீட்டுக்கோழியின் உடல் கனத்தது. இறகு மட்டும் போதாது. உடல் எடைக்கேற்ற சிறகுப் பரப்பும் மார்புத் தசையின் வலிமையும் வேண்டும். அன்று முதல் அவன் கைதூக்கத் தயங்குவதில்லை.

கவனிக்க: இறகைப் பிடுங்கக் கூடாது. காட்டுப் பறவைகளைப் பிடிப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் கூறுங்கள். செயல்பாடு முடிந்ததும் அனைவரும் சோப்பிட்டுக் கைகழுவ வேண்டும்.

மதிப்பீடு: 'மழையில் நனைந்த காகம் ஏன் அலகால் இறகைக் கோதுகிறது?' பிரிந்த கொக்கிகளைச் சேர்க்கிறது என்று சொந்த நடையில் எழுதினால் பாடம் புரிந்துவிட்டது. வாலடிச் சுரப்பியின் எண்ணெயைப் பூசுவதையும் ஒருவர் சேர்த்து எழுதினால், அவரையே வகுப்புக்கு விளக்கச் சொல்லுங்கள்.