குரல்களைக் காப்பாற்ற

ஊர்ப் பெரியவர்களின் வாய்மொழி வரலாற்றைப் பதிந்து வைத்திருக்கும் நூலகமா, அருங்காட்சியகமா உங்களுடையது? இவற்றைக் கவனியுங்கள்.

பழைய கேசட் கைக்கு வந்ததும், மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு சின்ன பிளாஸ்டிக் தாழ்களை உடைத்துவிடுங்கள். தவறிப்போய்ப் பதிவுப் பொத்தானை அழுத்தினாலும் குரல் அழியாது. கேசட்டை ஒலிபெருக்கிப் பக்கத்தில் வைக்காதீர்கள். அதன் காந்தம் ஆகாது.

கணினியில் ஏற்றும்போது மூலப்பிரதி 'வேவ்' கோப்பாக, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் இருக்கட்டும். ஸ்டீரியோவில் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 1 ஜிபி பிடிக்கும். பிடிக்கட்டும். கேட்கக் கொடுப்பதற்கு எம்பி3 போதும். மூன்று பிரதி வையுங்கள், ஒன்று வேறு கட்டடத்தில்.

ஒப்புதல் படிவத்தை நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன். கையெழுத்து வாங்குவதோடு, பேசுபவர் வாயாலேயே சம்மதத்தைச் சொல்ல வைத்துப் பதியுங்கள். ஆராய்ச்சிக்கு மட்டுமா, இணையத்திலும் போடலாமா என்று தனித்தனியாகக் கேளுங்கள். "மருமகள் பேரு மட்டும் வெளிய வரவேண்டாம்ப்பா" என்று ஒரு பாட்டி சொன்னால், அதைப் பதிவேட்டில் அன்றே எழுதிவிடுங்கள். சொன்னவர் போனபின் கேட்க ஆளிருக்காது.

எழுத்தில் பெயர்க்கும்போது "வந்தாக" என்பதை "வந்தார்கள்" என்று திருத்த வேண்டாம். அந்த ஊரே அந்தச் சொல்லில்தான் இருக்கிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நேரக்குறிப்பும், என்ன பேசுகிறார் என்று ஒரு வரியும் போட்டால், நாற்று நடவு பற்றித் தேடி வருபவர் மூன்று மணி நேரமும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

பதிவு முடிந்ததும் ஒரு பிரதியைப் பேசியவர் வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள்.