நூற்றில் ஒரு விநாடி

நல்லாசிரியனுக்கு உவமை கூறப் புகுந்த நன்னூலார், நிலம், மலை, நிறைகோல், மலர் என்னும் நான்கினைத் தேர்ந்துகொண்டார். ஏடு கொண்டு கற்பிப்பவர்க்குக் கூறிய அவ்வுவமைகள், ஆடுகளத்தில் நின்று கற்பிப்பவர்க்கும் பொருந்துவனவே. இவ்வுண்மையை, பி. டி. உஷா என்னும் ஓட்ட வீராங்கனையின் வாழ்வும், அவருடைய பயிற்சியாளர் ஓ. எம். நம்பியாரின் தொண்டும் இனிது விளக்குகின்றன.

உஷா, கேரள நாட்டுக் கோழிக்கோடு மாவட்டத்தில் 1964ஆம் ஆண்டில் பிறந்தவர். கடற்கரை ஊராகிய பய்யோளியில் வளர்ந்தவர். 1976ஆம் ஆண்டில் கேரள அரசு, கண்ணூரில் சிறுமியர்க்கென விளையாட்டுப் பள்ளி ஒன்றனைத் தொடங்கியது. அங்குச் சேர்ந்த நாற்பது சிறுமியருள் உஷாவும் ஒருவர். விமானப்படையில் பணிபுரிந்து ஓய்வுபெற்ற நம்பியார் அங்குப் பயிற்சியாளராக விளங்கினார். மெலிந்த உடலும் விரைந்த நடையும் உடைய அச்சிறுமி அவர் கருத்தைக் கவர்ந்தார்.

நிலம் பொறுமை மிக்கது. பருவமும் முயற்சியும் கூடிய அளவிற்கே பயன் தருவது. இன்று விதைத்து நாளை அறுக்க எண்ணுபவனுக்கு நிலம் இணங்குவதில்லை. நம்பியாரும் விரைந்து பயன் நாடவில்லை. செயற்கைத் தளமிட்ட ஓடுபாதை அருகில் இல்லாத அந்நாளில், பய்யோளிக் கடற்கரை மணலே உஷாவுக்குப் பயிற்சிக்களம் ஆயிற்று. மணலில் கால் புதையும். புதைந்த காலை எடுத்துவைக்க மிகுந்த வலிமை வேண்டும். அவ்வுழைப்பே காலுக்கு உரமாயிற்று. 1980இல் மாஸ்கோ ஒலிம்பிக்கில் கலந்துகொண்டபோது உஷாவின் அகவை பதினாறு. அங்கு அவர் முதற்சுற்றினைக் கடக்கவில்லை. 1982இல் தில்லியில் நடைபெற்ற ஆசிய விளையாட்டில் 100 மீட்டர், 200 மீட்டர் ஓட்டங்களில் வெள்ளிப் பதக்கங்கள் பெற்றார். விதை முளைத்துக் கதிராகச் சில ஆண்டுகள் வேண்டியிருந்தன.

நிறைகோல், பொருளின் எடையை ஐயமறக் காட்டும்; எப்பக்கமும் சாயாது. மாணவரின் ஆற்றலைத் தம் விருப்பத்தால் அளவாது, உள்ளவாறே அளப்பவரே நல்ல பயிற்சியாளர். குறுந்தொலைவு ஓட்டங்களிற் பழகிய உஷாவை, 400 மீட்டர் தடைதாண்டும் ஓட்டத்திற்கு நம்பியார் திருப்பினார். மகளிர்க்கான அவ்வோட்டம் 1984ஆம் ஆண்டில்தான் ஒலிம்பிக்கில் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. அதில் தாண்டவேண்டிய தடைகள் பத்து. ஒவ்வொன்றின் உயரமும் 76.2 சென்டிமீட்டர்; ஒரு தடைக்கும் அடுத்த தடைக்கும் இடையே உள்ள தொலைவு 35 மீட்டர். கால்விரைவு மட்டும் இதற்குப் போதாது. இத்தனை அடிகளில் அடுத்த தடையை எய்துதல் வேண்டும் என்னும் கணக்கும், உடல் களைத்த நிலையிலும் அக்கணக்குப் பிறழாத மன அமைதியும் வேண்டும்.

1984 ஆகஸ்டு 8ஆம் நாள் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் இறுதியோட்டம் நிகழ்ந்தது. முதற்புறப்பாடு பிழைபட்டமையால் வீராங்கனையர் மீண்டும் வரிசையில் நிறுத்தப்பட்டனர். மறுமுறை ஓடியபோது மொராக்கோ நாட்டு நவால் எல் முத்தவகில் முதலிடமும், அமெரிக்க நாட்டு ஜூடி பிரவுன் இரண்டாமிடமும் பெற்றனர். மூன்றாமிடத்தை ருமேனிய வீராங்கனை 55.41 விநாடியில் எய்தினார். உஷா எய்திய நேரம் 55.42 விநாடி. இருவர்க்கும் இடையே இருந்தது நூற்றில் ஒரு விநாடியே! அவ்விரைவில் ஓடுபவர்க்கு அஃது ஏறத்தாழ ஏழு சென்டிமீட்டர். நம் முன்னோர் கணக்கில் நான்கு விரற்கடை. எல்லைக்கோட்டில் மார்பை முன்சாய்த்திருந்தால் பதக்கம் கிட்டியிருக்கும் என்பர்.

மலை, மழை வறண்ட காலத்தும் வளம் தரும், எவராலும் அசைக்கப்படாது. வெற்றியில் மாணவனைத் தோளில் தூக்கித் தோல்வியில் முகம் திருப்பிக்கொள்ளும் பயிற்சியாளர் பலர் உலகில் உண்டு. அன்னோரிடம் பயிலும் இளைஞன் ஓட்டத்தைக் கற்பதில்லை, அச்சத்தையே கற்கிறான். நம்பியார் உஷாவைக் கைவிடவில்லை; உஷாவும் ஓட்டத்தைக் கைவிடவில்லை. அதே ஒலிம்பிக்கில், மூன்று நாள் கழித்து, 4×400 மீட்டர் தொடரோட்டத்தின் இறுதிச்சுற்றில் இந்திய மகளிர் அணிக்காக அவர் ஓடினார். அணி ஏழாமிடம் பெற்றது. மறு ஆண்டில் ஜகார்த்தாவில் நடைபெற்ற ஆசியத் தடகளப் போட்டியில் ஐந்து தங்கப் பதக்கங்களும் ஒரு வெண்கலப் பதக்கமும் வென்றார். 1986இல் சியோல் நகரத்து ஆசிய விளையாட்டில் நான்கு தங்கமும் ஒரு வெள்ளியும் பெற்றார். அந்நான்கனுள் ஒன்று 400 மீட்டர் தடைதாண்டும் ஓட்டத்திற்குரியது. லாஸ் ஏஞ்சல்ஸில் இழந்த பதக்கம் இழந்ததே. அது மீண்டும் வரவில்லை. ஆயினும் அவ்விழப்பு உழைப்பின் ஊற்றை அடைத்துவிடவில்லை. 1985ஆம் ஆண்டில் முதன்முதலாக வழங்கப்பெற்ற துரோணாச்சாரியர் விருதினைப் பெற்றவருள் நம்பியாரும் ஒருவர்.

மலர், உரிய பொழுதில் இதழ் விரிக்கும். கண்டார் யாவரும் விரும்பி ஏற்கும் மென்மையுடையது. கற்றவர் கற்பிப்பவராகும்போது கல்வி மலர்ச்சி பெறுகிறது. உஷா 2002ஆம் ஆண்டில் கொயிலாண்டியில் ஓட்டப் பயிற்சிப் பள்ளி ஒன்றை நிறுவினார். அங்குப் பயின்ற டின்டு லூக்கா என்னும் பெண், 2010இல் 800 மீட்டர் ஓட்டத்தில் தேசியச் சாதனை படைத்தார். 2015இல் ஆசியத் தடகளப் போட்டியில் தங்கம் வென்றார். தாம் பெற்றதைத் தம் மாணவர்க்கு வழங்கிய அவ்வளர்ச்சியைக் கண்ட பின்னரே, 2021ஆம் ஆண்டில் நம்பியார் மறைந்தார்.

உஷாவின் 55.42 விநாடி, தேசியச் சாதனையாக 39 ஆண்டுகள் நிலைத்து நின்றது. 2023ஆம் ஆண்டில் சீன நாட்டு ஹாங்சோ நகரில் நிகழ்ந்த ஆசிய விளையாட்டில், கோயம்புத்தூரைச் சேர்ந்த வித்யா ராம்ராஜ் என்னும் பெண், நூற்றில் ஒரு விநாடியும் கூடாமலும் குறையாமலும் அதே 55.42 விநாடியில் ஓடி முடித்தார். மறுநாள் இறுதியோட்டத்தில் வெண்கலப் பதக்கமும் பெற்றார். பதக்கம் தாராது போன ஓட்டமொன்று, பின்வந்தோர் எய்தவேண்டிய எல்லைக்கல்லாய் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் விளங்கியமை எண்ணத்தக்கது.

விளையாடும் மாணவர் யாவரும் பதக்கம் பெறுதல் இயலாது. ஆனால் பொறுமையும், தம் அளவறியும் நேர்மையும், தோல்வியில் தளராத உறுதியும், பிறர்க்கு வழங்கும் உள்ளமும் யாவரும் பெறலாம். அவற்றைப் பெறுவிப்பவரே ஆசான், பெற்றவரே வென்றவர்.