ரங்கூனில் தாத்தாவைத் தேடி

கேள்வி: ரங்கூனில் வேலை பார்த்த என் பாட்டனார் யுத்தத்துக்கு முன்பே அங்கு காலமானார். அவர் கல்லறையைக் கண்டுபிடிக்க முடியுமா?
- ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: அவர் இந்து என்றால் பெரும்பாலும் தகனம்தான், தேடக் கல்லறை இருக்காது. கிறிஸ்தவர் என்றாலும் எளிதல்ல. 1990களில் யாங்கூன் (அன்றைய ரங்கூன்) நகருக்குள்ளிருந்த பழைய இடுகாடுகள் பலவற்றை அகற்றிவிட்டார்கள். 1862இல் அந்நகரில் புதைக்கப்பட்ட முகலாயப் பேரரசர் பகதூர் ஷா ஜஃபரின் சமாதியே, 1991இல் மண்ணைத் தோண்டியபோதுதான் வெளிப்பட்டது. பாதுஷாவுக்கே அந்தக் கதி!

ஆகவே காகிதத்தைத் தேடுங்கள். பர்மா தேவாலயங்களின் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் பற்றிய பதிவு நகல்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. ஐரோப்பியர் பெயர்களே அதில் மிகுதி. நகரத்தார் குடும்பமென்றால் லண்டன் வேண்டாம், உங்கள் ஊர்ப் பக்கமே போதும்: திருமணமானதும் தம்பதியைப் ‘புள்ளி’யாகச் சேர்த்து எழுதும் நகரக் கோயில் ஏடுகள், வீட்டுப் பெட்டியில் கிடக்கும் ரங்கூன் கடைக் கணக்குகள், கடிதங்கள். 1964க்குப் பின் கப்பலேறித் திரும்பிய உறவினர் இருந்தால் அவர்களது அகதி அட்டையையும் கேட்டுப் பாருங்கள். அங்கேயே தங்கிவிட்ட கிளையில் பலர் பர்மியப் பெயர் வைத்துக்கொண்டார்கள். தமிழ்ப் பெயரை மட்டும் விசாரித்தால் ஆள் அகப்படாது.

குடும்பத்தில் யாராவது இரண்டாம் உலக யுத்தத்தில் மாண்ட சிப்பாயா? யாங்கூனை அடுத்த தாக்யான் போர் நினைவிடத்தில், கல்லறை தெரியாத சுமார் 27,000 வீரர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் வீட்டிலிருந்தே தேடலாம், கட்டணமில்லை.